காலா, முதுகா? அறுபதுக்கு மேல் பெரிய பைக் வாங்குகிறவர்களுக்கு

கம்பத்திலும் போடியிலும் இருக்கிற ஏலக்காய்த் தோட்டக்காரர்களுக்கு பைக் ஒன்றும் புதிதல்ல. காலையில் மலைப்பாதையான மெட்டு ஏறி, கேரளப் பக்கம் வண்டன்மேட்டிலோ சாந்தன்பாறையிலோ தோட்டத்தைச் சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிற ஆட்கள். அப்படியே காலம் தள்ளியவர்கள் பலர் இப்போது தோட்டத்தைப் பையன் கையில் கொடுத்துவிட்டு, நமக்கென்று ஒரு நல்ல வண்டி வாங்கி நாலு ஊர் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். என் மச்சானும் அதில் ஒருவர். வயது அறுபத்திரண்டு. "மாப்ள, 650 எடுக்கவா, ஹிமாலயன் எடுக்கவா?" என்பது அவர் கேள்வி. ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650-யும் ஹிமாலயன் 450-யும்தான் அவர் மனதில். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஷோரூமில் குதிரைத்திறன், டாப் ஸ்பீடு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது யாருக்கும் நாற்பதுக்கு மேல் போக வாய்ப்பு கிடையாது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அங்கேயும் அதே கதைதான். ஓடுகிற வண்டி எந்த வயதுக்காரரையும் தாங்கும். நிற்கிறபோதும், திருப்புகிறபோதும், தள்ளுகிறபோதும்தான் வயது தெரியும்.

கொண்டை ஊசியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் இடது பக்கம் ஒட்டி ஏறுகிறீர்கள். மேலிருந்து பஸ் ஒன்று வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்குகிறது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. பஸ்ஸுக்கு அது தெரியாது. சரி, நின்றாக வேண்டும். முன்சக்கரம் பாதி திரும்பியிருக்கிறது, சாலை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது, கால் ஊன்ற வேண்டிய இடம் தார் விளிம்புக்கு வெளியே நாலு விரல் பள்ளத்தில் இருக்கிறது. ஷோரூம் டைல்ஸில் இரண்டு குதிகாலும் பட்ட வண்டியில் இங்கே நுனிவிரல்கூட எட்டாது. வண்டி அந்தப் பக்கம் சாயத் தொடங்கினால், லேசாகச் சாயும்போதே பிடித்துவிடலாம். அதற்கு மேல் போனால் இருபது வயதுப் பையனுக்கே கஷ்டம். விழுந்தால் அடி பெரிதாக இருக்காது. ஆனால் வண்டிக்கு அடியில் கணுக்கால் சிக்கினால் அறுபது வயது எலும்பு சேர நாளாகும்.

அதனால் உட்காரும் உயரம் முதல் கணக்கு. இரண்டாவது கணக்கு முதுகு. பெரிய டூரிங் வண்டிகளில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. தாழ்வான வண்டி காலுக்கு நல்லது, முதுகை வாங்கும். உயரமான வண்டி முதுகைக் காப்பாற்றும், காலைச் சோதிக்கும். நமக்கு இரண்டில் எது முதலில் போயிருக்கிறது என்று தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

தாழ்வான பக்கம் சூப்பர் மீட்டியார் 650. ராயல் என்ஃபீல்டு 2023 தொடக்கத்தில் இறக்கியது. 648 சிசி இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், உட்காரும் உயரம் வெறும் 740 மி.மீ. ஐந்தடி நாலு அங்குலக்காரருக்கும் பாதம் முழுக்க ஊன்றும். இன்ஜின் வழுவழு. மதுரை தாண்டி கன்னியாகுமரி நாலுவழியில் தொண்ணூறில் வைத்துவிட்டால், பின்னால் வீட்டம்மா தூங்கிவிடுகிற அளவுக்கு அமைதி. ஆடி மாதம் நம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று தெரியும்தானே, கண்டமனூர் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் குறுக்குக் காற்றில் 350 சிசி வண்டி ஆளை அரை அடி நகர்த்தும், இது அசையாது.

அசையாததற்குக் காரணம் எடை. 241 கிலோ. ஹிமாலயனைவிட 45 கிலோ அதிகம். கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டை. ஓடும்போது இந்த மூட்டை காணாமல் போய்விடும். குட்டிக்கானத்தில் டீக்கடை முன்னால் சரிவில் மூக்கைக் கீழே வைத்து நிறுத்திவிட்டு, டீ குடித்து வந்து பின்னால் இழுக்கும்போது திரும்பி வரும். இந்த வண்டி வாங்குகிறவர் ஒரு பழக்கத்தைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்: எங்கே நிறுத்தினாலும் முன்பக்கம் மேட்டைப் பார்த்தபடி, இல்லையென்றால் வெளியே போகிற திசையைப் பார்த்தபடி. வீட்டு வாசலில் சாய்தளம் செங்குத்தாக இருந்தால் முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் வண்டியை புக் செய்யுங்கள்.

முதுகு விஷயம்தான் இதில் உறுத்தல். பின் ஷாக் அப்சார்பர் 101 மி.மீ. மட்டுமே அமுங்கும். கால் வைக்கிற இடமும் முன்னால் தள்ளி இருப்பதால் உடம்பின் எடை மொத்தமும் வால் எலும்பில் போய் உட்காரும். பள்ளம் வரும்போது காலை அழுத்தி லேசாக எழுந்துகொள்ளலாம் என்றால் முடியாது. தரையிடைவெளி 135 மி.மீ. கேரளத்தில் ஊருக்கு ஊர் வைத்திருக்கிற வேகத்தடையில் இரண்டு பேரும் பெட்டியும் சேர்ந்தால் அடி தட்டாமல் ஏறுவது ஒரு கலை. தோட்டத்து கல் ரோட்டுக்கு இதை எடுத்துப் போவது வீண் வேலை. டிஸ்க் விலகல், சயாட்டிகா (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) என்று ஏற்கெனவே டாக்டரைப் பார்க்கிறவர்கள் இந்த வண்டியை அரை மணி நேரம் மோசமான சாலையில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

உயரமான பக்கம் ஹிமாலயன் 450. 2023 நவம்பரில் வந்தது. 452 சிசி, தண்ணீரில் குளிரும் ஒற்றை சிலிண்டர், 40 குதிரைத்திறன், 196 கிலோ, 17 லிட்டர் டேங்க். இரண்டு பக்கமும் 200 மி.மீ. சஸ்பென்ஷன். நிமிர்ந்து உட்காரலாம், கால் நேர் கீழே இருப்பதால் பள்ளத்தைக் கண்டதும் அரை அங்குலம் எழுந்துகொள்ளலாம். முதுகுக்கு இதைவிடப் பெரிய மருந்து பைக்கில் கிடையாது. முண்டக்கயம் இறக்கத்தில் மழைக்காலம் முடிந்த கையோடு போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சீட் உயரம் 825 மி.மீ., கணக்குக்கு முப்பத்திரண்டரை அங்குலம். தாழ்வான சீட் தனியாக வாங்கிப் போட்டால் 805-க்கு வரும். கவட்டிலிருந்து குதிகால் வரை உள்கால் நீளம் முப்பது அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் இது எப்போதும் நுனிக்கால் வண்டிதான். அதைவிடப் பெரிய சிக்கல், மேலே ஏறுவது. பின்னால் பெட்டி கட்டிவிட்டால் காலைச் சுழற்றி வீச இடுப்பு மூட்டு ஒத்துழைக்க வேண்டும். பலர் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் வைத்து, இடது புட்ரெஸ்டில் ஏறி நின்று குதிரை ஏறுவதுபோல ஏறுகிறார்கள். வேலை நடக்கும், ஆனால் ஸ்டாண்டு ஊன்றிய தரை கெட்டியாக இருக்க வேண்டும், பின்னால் ஆள் ஏறும்போது ஸ்டாண்டை எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுழற்சிக்கு மேல்தான் முழிக்கும். பழைய புல்லட்டை ஓட்டிப் பழகியவர்கள் கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் டுக்டுக் என்று இழுத்துப் போவார்கள். அதே பழக்கத்தில் இதை ஓட்டினால் வளைவின் நடுவில் இன்ஜின் அணைந்துவிடும். உயரமான வண்டி அணைந்த கையோடு சாயும். முதல் கியர், லேசாக கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலரேட்டர், பின் பிரேக்கைத் தொட்டபடி. ஒரு வாரத்தில் பழகிவிடும், ஆனால் அந்த ஒரு வாரம் போடிமெட்டில் வேண்டாம், ஊருக்குள் காலி மைதானத்தில் இருக்கட்டும். சக்கரத்தையும் கேட்டு வாங்குங்கள். தொடக்கத்தில் ட்யூப் போட்ட ஸ்போக் சக்கரம்தான் வந்தது. பிறகுதான் ட்யூப்லெஸ் ஸ்போக் வந்தது. பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்கும் நடுவில் பஞ்சர் ஆனால் இந்த வித்தியாசத்தின் விலை தெரியும்.

மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்: மீட்டியார் 350. "டூரிங் வண்டி கேட்டா தம்பி ஓட்டுற வண்டியைச் சொல்றீங்களே மாப்ள" என்றார் மச்சான். 20 குதிரைத்திறன்தான். 27 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் 4,000 சுழற்சியிலேயே. அதனால் மலையில் கியர் மாற்றாமல் இழுத்துக்கொண்டு போகும். சீட் 765 மி.மீ., எடை 191 கிலோ, டேங்க் 15 லிட்டர், சென்டர் ஸ்டாண்டும் உண்டு. நாலுவழியில் எண்பதுக்கு மேல் இன்ஜின் மூச்சு வாங்கும், லாரியை முந்த யோசிக்க வேண்டும். குமுளி, வாகமண், மூணாறு, கோட்டயம், ஆலப்புழை வரைதான் போவேன் என்கிறவருக்கு அந்தக் குறை ஒரு குறையே இல்லை. இந்தச் சாலைகளில் எண்பது எங்கே கிடைக்கிறது?

வரியும் இந்தப் பக்கமே சாய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் உள்ளவற்றுக்குக் கூடுதல் வரியான செஸ்ஸோடு சேர்த்து 31 இருந்தது, இப்போது 40. சூப்பர் மீட்டியார் ஒன்றின் விலையில் ஏறக்குறைய இரண்டு மீட்டியார் 350 வாங்கலாம். அந்த மிச்சத்தில் நல்ல சீட், நல்ல ஹெல்மெட், மழைக்கோட்டு எல்லாம் வாங்கி, மூன்று வருட பெட்ரோலுக்கும் எடுத்து வைக்கலாம்.

இவற்றைத் தாண்டியும் ஆசை உள்ளவர்கள் உண்டு. ஹோண்டா என்எக்ஸ் 500 நல்ல நடுவழி: 471 சிசி இரட்டை சிலிண்டர், 196 கிலோ, சீட் 830. ஹிமாலயனின் உயரம், 650-இன் வழுவழுப்பு. விலைதான் இரண்டையும் தாண்டி நிற்கிறது. கவாசாகி வெர்சிஸ் 650 சீட் 845, சுசுகி வி-ஸ்ட்ரோம் 800 டிஇ 855, ஆறடிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கோல்டு விங் என்று ஒன்று இருக்கிறது. 1,833 சிசி, ஆறு சிலிண்டர், சீட் 745 மட்டுமே, கிளட்ச் பிடிக்க வேண்டாம், பின்னால் தள்ளவே வேண்டாம், ரிவர்ஸ் இருக்கிறது. வயதானவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். எடை நானூறு கிலோவை நெருங்குகிறது, விலைக்கு ஒரு ஏக்கர் தோட்டத்தை விற்க வேண்டும். இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் சர்வீஸுக்குப் பெரிய நகரத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கவும். ராயல் என்ஃபீல்டுக்குத் தேனியிலேயே வேலை முடிந்துவிடும்.

என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொண்டவர், முதுகு கெட்டி, மனைவியோடு நீண்ட நாலுவழிப் பயணம் போகிறவர் என்றால் சூப்பர் மீட்டியார். முதுகு சொல்பேச்சு கேட்காது, கால் நீளம், தனியாகப் போகிறவர், தோட்டத்துக்கும் ஒரு கை பார்க்கிறவர் என்றால் ஹிமாலயன், தாழ்ந்த சீட்டோடு. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் போய்விட்டது, அறுபத்தைந்தையும் தொட்டாயிற்று என்றால் 350, அதைப் பற்றிப் பையன்கள் என்ன பேசினாலும் சரி. மச்சானுக்கு நான் சொன்னது 350. அவர் இன்னும் 650 பக்கமே சாய்கிறார். அக்கா முகத்தைப் பார்த்தால் 350 வரும் என்று தோன்றுகிறது.

வண்டிக்கு அப்புறம் சாமான்கள். இதில் மக்கள் வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே லைட்டும் பெட்டியும் கிராஷ் கார்டும் மாட்டிவிட்டு, உடம்பு தொடுகிற மூன்று இடங்களையும் விட்டுவிடுகிறார்கள். சீட், கைப்பிடி, கால் வைக்கிற இடம். பணத்தை அங்கே போடுங்கள். கம்பெனியே டூரிங் சீட் தருகிறது. இல்லையென்றால் நல்ல சீட் தைக்கிறவரிடம் ஃபோமை மாற்றிக்கொள்ளலாம். மெத்தென்று இருப்பது நல்ல சீட் இல்லை. அரை மணி நேரத்தில் அமுங்கி எலும்பு அடியில் இடிக்கும். கெட்டியாக, அகலமாக, வால் எலும்பு படுகிற இடத்தில் மட்டும் பள்ளம் விட்டுச் செய்தது வேண்டும். ஃபோம் கூட்டினால் சீட் உயரமும் கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. கைப்பிடியை ஒரு அங்குலம் உயர்த்தி, ஒரு அங்குலம் தன் பக்கம் இழுத்தாலே தோள்பட்டை வலி பாதி போய்விடும். கிளட்ச் லீவரை விரலுக்கு எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தால் இடது கட்டைவிரல் மூட்டு வலிக்காது.

சுகர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதம் மரத்துப் போயிருந்தால் பின் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. தடித்த பூட்ஸ் போட்டால் இன்னும் மோசம். அவர்கள் அடிப்பாகம் மெலிதான, கணுக்காலைக் காக்கிற பூட்ஸ் பார்த்து வாங்க வேண்டும். இறக்கத்தில் பின் பிரேக்கை நம்பாமல் கியரில் இறங்கப் பழக வேண்டும்.

பெட்டி விஷயத்தில் ஒரே விதி: கனம் கீழே, முன்னால். பின்னால் டாப் பாக்ஸில் பத்து கிலோ ஏற்றினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி, கொண்டை ஊசியில் திரும்ப மறுக்கும். டாப் பாக்ஸில் மழைக்கோட்டும் மாற்றுத்துணியும் மட்டும். ஆனால் டாப் பாக்ஸ் பின் சீட்டில் இருப்பவருக்கு முதுகு சாய உதவும், அதனால் மனைவியோடு போகிறவர்கள் மெத்தை வைத்த பெட்டி வாங்கலாம். பக்கவாட்டுக்கு அலுமினியப் பெட்டியைவிடத் துணிப்பையே எனக்குப் பிடிக்கும். சாயும்போது காலை ஊன்றினால் அலுமினியப் பெட்டி கெண்டைக்காலில் வந்து இடிக்கும். பஸ்ஸை ஒட்டிப் போகும்போதும் அதன் அகலம் மறந்துபோகும். பை மாட்டுகிறேன் என்று சாரி கார்டைக் கழற்றிவிட்டு பின்னால் சேலையோடு ஆளை ஏற்றாதீர்கள். நீண்ட பயணத்துக்கு அக்கா தங்கைமார் சுடிதாருக்கு மாறிவிடுவதே நல்லது.

கூடுதல் எல்இடி லைட்டும் சத்தமாகக் கத்துகிற சைலன்சரும் கேரளத்தில் வேண்டாம். சோதனையில் அங்கே கறாராக இருப்பார்கள். பின் சீட்டில் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2023 ஜூன் முதல் கேமராவே பார்த்து அபராதம் போடுகிறது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தாடைப்பகுதி மேலே தூக்கும் வகை ஹெல்மெட் வசதி. கழற்றாமலே டீ குடிக்கலாம், கண்ணாடியை மாட்டிக் கழற்றலாம். எடையைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள், கழுத்து வலிக்கு அதுவே பாதிக் காரணம். வைசர் நிறமில்லாததாக இருக்கட்டும். கண்புரை தொடங்கியவர்களுக்கு எதிர் லைட் பூப்பூவாக விரியும். அவர்கள் மாலை ஐந்தரைக்கு மேல் மெட்டில் இருக்கக் கூடாது.

ஜூன் ஜூலையில் கம்பத்தில் வெயில் அடிக்கும்போது குமுளியில் சாரல் இருக்கும், பீர்மேட்டில் கொட்டும். மழைக்கோட்டு பெட்டியின் மேலேயே இருக்க வேண்டும், பேண்ட் தனி, சட்டை தனி, பூட்ஸைக் கழற்றாமல் போடும்படி காலில் ஜிப் வைத்தது. ஒற்றைக்காலில் நின்று மழை பேண்ட் போடுவது இந்த வயதில் பைக் ஓட்டுவதைவிட ஆபத்து. டிசம்பர், ஜனவரி மூணாறுக்குக் கை உறை தடித்ததாக வேண்டும். சபரிமலை சீசனில் குமுளிப் பாதையை அப்படியே விட்டுவிடுங்கள்.

டேங்க் கொள்ளளவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அறுபதுக்கு மேல் வண்டியின் டேங்கை யார் பார்த்தார்கள், நம் டேங்க்தானே எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்கிறது. பெட்ரோலை மட்டும் கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள், மேலே கேரளத்தில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல்.

மேலே தோட்ட வீடு, கீழே சொந்த வீடு என்று இரண்டு விலாசம் உள்ளவர்களுக்கு: தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம், கேரளத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் அதைவிடக் கணிசமாக அதிகம். ஆனால் வண்டி உண்மையில் எங்கே நிற்குமோ அங்கேதான் பதிய வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். லைசென்ஸையும் எடுத்துத் தேதி பாருங்கள். 55-க்கு மேல் புதுப்பித்தால் ஐந்து ஐந்து வருடமாகத்தான் கிடைக்கும், படிவம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

டெஸ்ட் ரைடு என்று ஷோரூமில் பஸ் ஸ்டாண்டு வரை போய்வருவதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். இந்த மூன்று வண்டியும் நம் ஊரிலேயே யாராவது ஒருவரிடம் இருக்கும். "அண்ணே, லோயர் கேம்பிலிருந்து மேலே ஒரு ரவுண்டு" என்று கேட்டால் சாவியைத் தருவார்கள், கூடவே வருவார்கள். வீட்டம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு கொண்டை ஊசியில் வேண்டுமென்றே நின்று, கால் ஊன்றி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். அப்புறம் குமுளியில் சரிவான இடத்தில் நிறுத்தி, இறங்கி, யார் உதவியும் இல்லாமல் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள்.